ஒப்புக்கொள்ளும் ஒரு சொல்

பெங்களூரு நிருபதுங்க சாலையிலுள்ள நடுவர் நீதிமன்றத்தில் சிறு அளவு கஞ்சா வழக்கொன்று முடிவதற்குப் பெரும்பாலும் ஒரு சொல் போதும். பெயர் அழைக்கப்படுகிறது, குற்றம் படித்துக் காட்டப்படுகிறது, 'ஒப்புக்கொள்கிறேன்' என்கிறான் இளைஞன், அபராதம் கட்டி, இரசீதோடு படியிறங்குகிறான். காவலருக்கு ஒரு வழக்கு தண்டனையில் முடிந்தது. நீதிமன்ற எழுத்தருக்கு ஒரு கட்டு குறைந்தது. வழக்கறிஞருக்கு வாய்தா மிச்சம். இத்தனை பேரை ஒருங்கே மகிழ்விக்கும் தீர்ப்பை ஐயுறுவது தலையங்கம் எழுதுவோரின் கடமை.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எடையை வைத்தே மனிதரைத் தரம் பிரிக்கிறது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. இந்நகரத்து இளைஞரிடையே இன்று பெயர்பெற்ற எம்.டி.எம்.ஏ.வுக்கு அந்த எல்லைகள் அரை கிராமும் 10 கிராமும். வணிக அளவுக்குப் பத்தாண்டு முதல் இருபதாண்டு வரை சிறை, பிணையும் எளிதன்று. சிறு அளவு கஞ்சாவுக்கோ ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகைத்த குற்றம் மட்டுமாயின் அதனினும் குறைவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் சிறையையும் அபராதத்தையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, அபராதத்தின் பக்கம் சாய்வது எவர்க்கும் இயல்பே. வழக்கை நடத்துவதென்றால் மடிவாளா தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கை, சாட்சிகள், வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவும் கட்டடத் தொழிலாளிக்கு ஒரு நாட்கூலி. மென்பொருள் நிறுவனத்தில் புதிதாய்ச் சேர்ந்தவனுக்கு மேலாளரிடம் சொல்ல முடியாத ஒரு விடுப்பு. சீராமபுரத்திலோ அல்சூரிலோ வாழும் தமிழ்த் தொழிலாளி, தான் கையொப்பமிட்ட மகஜரைப் படிக்கவும் இயலாதவன். அது கன்னடத்தில் இருக்கிறது. அவனிடம் போய் 'எதிர்த்து வழக்காடு' என்பது எளிதன்று. இவ்வழக்குகள் யாவும் முழு விசாரணைக்கு வருமாயின் நீதிமன்றங்கள் மூச்சுத் திணறும் என்பதையும் மறுக்கவில்லை.

ஆயினும் அந்த ஒரு சொல்லின் விலை இரசீதிலுள்ள தொகையோடு நிற்பதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, போதைப்பொருள் சட்டத்தில் தண்டனை பெற்றவர், அது வெறும் அபராதமே ஆயினும், ஆறாண்டுகள் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிட இயலாது. அரசியல் நாட்டமற்றவன் சிரிக்கலாம். ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் 31-ஆம் பிரிவு அவனையும் விடாது: அத்தகைய குற்றத்தை மீண்டும் செய்து தண்டிக்கப்பட்டால் உச்சத் தண்டனை ஒன்றரை மடங்கு. படியிறங்குமுன் அவனுக்கு இதை எடுத்துச் சொல்பவர் எத்தனை பேர்?

இனி நம்மைப் பெரிதும் வருத்துவதைச் சொல்வோம். இதே சட்டம் இரு வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. 64-ஏ பிரிவின்படி, சிறு அளவு வழக்கிலோ புகைத்த வழக்கிலோ சிக்கிய போதை அடிமை, அரசு ஏற்ற மருத்துவமனையில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் அவன்மீது வழக்கே தொடர முடியாது. இடையில் விட்டால்தான் அந்தப் பாதுகாப்பை இழக்க நேரும். 39-ஆம் பிரிவோ, குற்றவாளி எனக் கண்ட பின்னும் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்ப நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. நீதிமன்றத்திலிருந்து சில கல் தொலைவில், ஓசூர் சாலையில், போதைநோய் மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு கொண்ட நிம்ஹான்ஸ் நிற்கிறது. ஒப்புக்கொள்ளும் சொல்லோ இவ்விரு வாயில்களையும் எட்டுமுன்னரே வழக்கை முடித்துவிடுகிறது. நட்பு வட்டத்தில் ஒருமுறை புகைத்த மாணவன் நோயாளி அல்லன், அவனை மருத்துவமனையில் அடைப்பதும் ஒருவகைச் சிறையே என்பது மெய். யார் நோயாளி, யார் அல்லர் என்று பிரித்தறியும் கேள்வி எழவேயில்லை என்பதே நம் குறை.

சட்டத்தின் நுட்பங்கள் பயன்படுவது வேறிடத்தில். உடற்சோதனைக்கு முன் நடுவர் அல்லது அரசிதழ் அலுவலர் முன்னிலையைக் கோரும் உரிமையைத் தெரிவிக்க வேண்டும் என்ற 50-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2010-இல் கண்டிப்பாக நிலைநாட்டியது. அதிகாரிகளிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்று 2020-இல், தமிழகத்திலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. இவை பொன்னான பாதுகாப்புகள். ஆனால் வழக்காடுபவனுக்கே உதவும். 2020-இல் நாடறிந்த கன்னடத் திரையுலக வழக்கில் கைதான நடிகை ஒருவர்கூடப் பிணைக்கு உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. நாலரை மாதம் கழித்து, 2021 சனவரியில், கீழமை நீதிமன்றங்கள் பொருந்தாத பிரிவைக் கொண்டு பிணை மறுத்தன என்று அந்நீதிமன்றம் கண்டது. தில்லி வரை செல்ல வழியற்றவன் பரப்பன அக்ரஹாரச் சிறையின் மதிலை நினைத்து, கேட்ட இடத்தில் ஒப்புக்கொள்கிறான்.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஒப்புதலைப் பதியுமுன், குற்றம் சாட்டப்பட்டவன் அறிந்த மொழியில் நடுவர் இரு கேள்விகள் கேட்கலாம்: இத்தண்டனையின் பின்விளைவு உனக்குத் தெரியுமா? சிகிச்சை பெற விரும்புகிறாயா? அவ்வேளை சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் அவன் அருகில் நிற்கலாம். அரசு ஏற்ற மருத்துவமனைகளின் பட்டியலைக் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் அச்சிட்டு நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒட்டலாம். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஒரு சுற்றறிக்கை இவற்றைத் தொடங்கி வைக்கும்.