வளையம் ஏற்றும் கூம்பும் இருபது நிமிடங்களும்

சென்ற மாதம் செம்பூரை அடுத்து நடந்த ஒரு சிறிய ஆய்வரங்கில், மாட்டுங்காவில் பொறியியல் பயிலும் தமிழ் மாணவர் ஒருவர் தம் வடிவமைப்பை விளக்கினார். உள்ளங்கைக்குள் அடங்கும் கூம்பு ஒன்றும், அதன்மேல் வழுக்கிச் செல்லும் குழல் ஒன்றும் அவர் கையில் இருந்தன. தாராவியில் ஒரு கடைசல் பட்டறையில் மாதிரியைச் செய்து வாங்கியிருந்தார். பெண்களுக்கான கருத்தடை அறுவையில் பயன்படும் சிலிக்கோன் ரப்பர் வளையத்தை லேப்ராஸ்கோப்புடன் இணையும் கருவியின் முனையில் ஏற்றுவதற்கான சாதனம் அது. இத்தகைய கூம்புகள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. வளையம் ஏற்றும் நேரத்தைப் பாதியாகக் குறைப்பதே தம் வடிவத்தின் சிறப்பு என்றும், அதனால் ஒரே நாளில் கூடுதல் அறுவைகள் செய்ய முடியும் என்றும் அவர் முடித்தார். அரங்கு கைதட்டியது. நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் கடைசி வாக்கியம் உறுத்தத் தொடங்கியது. அந்த உறுத்தலே இப்பதிவு.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உடலின் ஒரு பகுதியை ரப்பர் வளையத்தால் இறுக்கி, அங்கே குருதியோட்டத்தை நிறுத்தும் முறை மருத்துவத்தில் பல இடங்களில் உண்டு. மூலநோய்க்கு வளையமிடும் கருவியை பாரன் 1963இல் விரிவாக அறிமுகப்படுத்தினார். கல்லீரல் நோயாளிகளின் உணவுக்குழாயில் புடைத்த சிரைகளை உள்நோக்கி வழியாக வளையமிட்டுக் கட்டும் முறை 1980களின் பிற்பாதியில் வந்தது. கருக்குழாய்க்கான வளையத்தை 1970களில் உருவாக்கியவர், கொரியாவிலிருந்து அமெரிக்கா சென்று பால்டிமோரில் பணியாற்றிய இன் பே யூன். ஃபெலோப் வளையம் என்று நம் மருத்துவர்கள் குறிப்பிடுவது அதைத்தான்.

அவ்வளையத்தின் உள்விட்டம் 1 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 3.6 மில்லிமீட்டர். ஊடுகதிர்ப் படத்தில் தெரியும்பொருட்டு அதில் சிறிதளவு பேரியம் சல்பேட் கலக்கப்படுகிறது. இவ்வளவு சிறிய துளையை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அளவுக்கு விரித்துக் கருவியின் முனைக்குழல்மேல் ஏற்ற வேண்டும். வெறும் கையால் ஆகிற காரியம் அன்று. கூர்முனையில் வளையத்தை வைத்து, அடிப்பக்கம் நோக்கித் தள்ளித் தள்ளி விரிய வைப்பதற்கே கூம்பு. அறுவையின்போது கருவியின் உள்ளிருக்கும் இடுக்கி கருக்குழாயைப் பற்றி ஒரு கண்ணியாக உள்ளே இழுக்கும்; வெளிக்குழல் வளையத்தைத் தள்ளி அக்கண்ணியின் அடியில் இறக்கும். வளையம் தன் பழைய அளவுக்குச் சுருங்கி இறுக்கும். இரு பக்கமும் இரு குழாய்கள். ஆகவே ஒரு பெண்ணுக்கு இரு வளையங்கள்.

ரப்பருக்கு நினைவு உண்டு என்று பொருளறிவியலார் சொல்வதன் பொருள் இங்கே நேராகத் தெரியும். அளவுக்கு மீறி விரித்தாலும், விரித்த நிலையில் நெடுநேரம் விட்டுவைத்தாலும் வளையம் தன் பழைய அளவை மறந்துவிடும், இறுக்கம் குறையும். பயன்படுத்துவதற்குச் சற்று முன்னரே வளையத்தை ஏற்ற வேண்டும் என்ற விதி இதனால்தான் உள்ளது. செவிலியரோ உதவியாளரோ செய்யும் இந்தச் சிறு வேலையின் தரத்தைப் பொறுத்தே ஒரு பெண்ணின் எதிர்காலம் அமைகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். வளையம் விரைவாக ஏறினால் கூடுதல் அறுவைகள் செய்யலாம் என்பது உண்மையா?

நடுவண் அரசின் நெறிமுறைப்படி ஒரு லேப்ராஸ்கோப்பைக் கொண்டு ஒரு நாளில் 10 அறுவைக்கு மேல் செய்யக்கூடாது. மூன்று லேப்ராஸ்கோப்புகள் இருந்தாலும் ஓர் அறுவை மருத்துவர் 30ஐத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு அறுவைக்குப் பின்னரும் கருவியைக் கழுவி, குளூட்டரால்டிஹைடு கரைசலில் குறைந்தது 20 நிமிடங்கள் மூழ்க வைக்க வேண்டும். கணக்குப் பார்ப்போம். 30 பெண்கள் என்றால் 60 வளையங்கள். ஒவ்வொன்றையும் ஏற்ற அரை நிமிடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் நாள் முழுவதற்கும் 30 நிமிடங்கள்தான். கரைசலில் கருவி கிடக்க வேண்டிய நேரமோ, ஒரே ஓர் அறுவைக்கு 20 நிமிடங்கள். விதிக்கு உட்பட்டு நடக்கும் அறுவை அரங்கில் வளையம் ஏற்றும் நேரம் ஒருபோதும் முட்டுக்கட்டை அன்று. அது முட்டுக்கட்டையாகத் தோன்றுகிறது என்றால், அந்த 20 நிமிடங்களை யாரோ ஏற்கெனவே விழுங்கிவிட்டார்கள் என்று பொருள்.

இது கற்பனை அச்சமன்று. 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே நடந்த முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் கொடுக்கப்பட்ட மாத்திரையில் நச்சு இருந்ததா, நோய்த்தொற்றே காரணமா என்ற வழக்காடல் நெடுநாள் நீடித்தது. அவ்விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு பெருக்கல் மட்டும் செய்கிறேன். ஒரே கருவியைக் கொண்டு 83 பேருக்கு அறுவை செய்வதானால், இடையில் 82 முறை அதை மூழ்க வைக்க வேண்டும். முறைப்படி செய்தால் அதற்கு மட்டுமே 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அறுவை செய்த மருத்துவர், 50,000 கருத்தடை அறுவைகள் செய்தவர் என்பதற்காக அதே ஆண்டுக் குடியரசு நாளில் மாநில அரசால் பாராட்டப்பட்டவர். எண்ணிக்கையைப் பாராட்டிய அதே அரசுதான் எண்ணிக்கைக்காக அவரைக் கைதும் செய்தது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டுகளுக்குள் முகாம் முறையையே கைவிடுமாறு பணித்தது.

முகாம் என்னும் இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அது முதலில் ஆண்களுக்காக அமைந்தது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் 63,418 பேருக்கு, மிகப் பெரும்பாலும் ஆண்களுக்கு, கருத்தடை அறுவை செய்யப்பட்டது. நாடே அதை முன்மாதிரியாகக் கொண்டாடியது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77இல், அறுவைகள் 80 லட்சத்தைத் தாண்டின, பெரும்பாலோர் ஆண்கள். நாம் வாழும் இந்த மகாராஷ்டிர மாநிலத்தின் சட்டமன்றம் மூன்று குழந்தைகளுக்குப் பின் கருத்தடையைக் கட்டாயமாக்கும் மசோதாவையே 1976இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை. இந்தியாவின் முதல் கருத்தடை ஆலோசனை நிலையத்தை 1921இல் ர.தோ. கார்வே இதே பம்பாயில்தான் தொடங்கினார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஒரு தனிமனிதர் பெண்களின் விருப்பத்துக்காகத் தொடங்கியது, 55 ஆண்டுகளில் அரசின் ஆணையாக உருமாறி நின்றது.

1977 தேர்தலுக்குப் பின் ஆண்களின் சினம் அரசியல்வாதிகளுக்குப் புரிந்தது. மறு ஆண்டே மொத்த அறுவைகள் 10 லட்சத்துக்கும் கீழே சரிந்தன. இலக்குகள் மறையவில்லை, அவை பெண்கள் பக்கம் திரும்பின. சரியாக அந்நேரத்தில்தான் லேப்ராஸ்கோப்பும் வளையமும் இந்திய ஊர்ப்புறங்களுக்கு வந்து சேர்ந்தன. பெரிய கீறல் வேண்டாம், தையல் குறைவு, சில நிமிட வேலை. பி.வி. மேத்தா என்னும் இந்திய மருத்துவர் ஊரக முகாம்களில் 10,100 பெண்களுக்கு ஃபெலோப் வளையமிட்ட அனுபவத்தை 1981இல் ஆய்விதழில் எழுதினார். 1989இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, தாம் ஒருவரே செய்த லேப்ராஸ்கோப் கருத்தடைகளின் எண்ணிக்கை இருந்தது: 2,50,136. அவருடைய கைத்திறனை நான் ஐயுறவில்லை. ஓர் எண்ணிக்கை ஆய்வுத் தலைப்பாகவும், பின்னர் விருதுக்குரிய தகுதியாகவும் ஆன அறிவுச்சூழலையே கேள்விக்கு உட்படுத்துகிறேன். எங்கள் ஆய்வரங்கின் கைதட்டலும் அச்சூழலின் தொடர்ச்சிதான்.

அப்படியானால் அந்த மாணவரின் சாதனம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அன்று. நல்ல கூம்பு வளையத்தை எல்லாப் பக்கமும் சமமாக விரிக்கும். உரிய அளவுக்கு மேல் விரியவிடாது. வளையம் வழுக்கித் தெறிக்காது, கையுறை கிழியாது, விரல் படும் இடம் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, நொடியில் ஏற்றிவிடலாம் என்றால் வளையங்களை முன்கூட்டியே ஏற்றிக் காத்திருக்கச் செய்யும் தூண்டுதல் அறவே இல்லாமற்போகும். விரைவின் பயன் அங்கேதான் உள்ளது. ஆகவே இச்சாதனத்தை அளக்க வேண்டிய அளவுகோல் ‘ஒரு மணிக்கு எத்தனை’ அன்று. ‘ஏற்றிய வளையங்களில் எத்தனை பழுதின்றிச் சுருங்கின’ என்பதே. மாணவரிடம் இதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, அந்தச் சோதனையைத் தாம் செய்யவே இல்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். இப்போது செய்துகொண்டிருக்கிறார்.

மாதிரிகளில் ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். தாராவி 90 அடி சாலையில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மேசையில் அதைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். வளையத்தை விரல்நுனியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “எனக்குள்ள கெடக்கது இதா, நூலா தம்பி?” என்றார். அறுவை நடந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவரிடமிருந்த பழைய தாளை எடுத்து வந்து காட்டினார். அறுவை செய்த தேதி இருந்தது, முத்திரை இருந்தது, முறை என்னவென்று இல்லை. எனக்கு விடை தெரியவில்லை.

அவர் கேட்டது வெறும் ஆர்வத்தால் அன்று. தமிழ்நாட்டில் பெரும்பாலும் பேறுகாலத்தை ஒட்டி, சிறு கீறலிட்டுக் குழாயை நூலால் கட்டி வெட்டும் முறையே வழக்கம். வட இந்தியாவில் ‘தூர்பீன் ஆபரேஷன்’ என்று பெண்கள் சொல்லும் லேப்ராஸ்கோப் முறை மிகுதி. பேறுகாலத்துக்குத் தாய்வீடு போய்த் திரும்பும் தாராவிப் பெண்களிடையே இரண்டும் கலந்தே இருக்கும். இரண்டின் விளைவும் ஒன்றன்று. 1996இல் வெளிவந்த அமெரிக்காவின் புகழ்பெற்ற நெடுங்கால ஆய்வின்படி, பத்தாண்டுகளுக்குள் கருத்தரித்தவர்கள் ஆயிரத்துக்குச் சிலிக்கோன் வளையத்தில் 17.7 பேர், பேறுகாலத்தை ஒட்டிக் குழாயை வெட்டும் முறையில் 7.5 பேர். இரண்டுமே நம்பத்தகுந்த முறைகள்தான். ஆனால் மாதவிலக்கு தள்ளிப்போகும்போது ‘நான்தான் ஆபரேஷன் செய்துகொண்டேனே’ என்று ஒரு பெண் அசட்டையாக இருக்கலாமா, உடனே மருத்துவரிடம் போக வேண்டுமா என்பதை அவருக்கு யாரேனும் சொல்லியிருக்க வேண்டும். குழாயில் கரு தங்கிவிட்டால் அது உயிருக்கே ஆபத்து.

நம் தேவனாரில் இருக்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் ஒருங்கிணைத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் அறுவை செய்துகொண்ட இணையர் 0.3 விழுக்காடு. ஆண்களுக்கான நவீன வாசக்டமிக்கு வயிற்றைத் துளைக்க வேண்டாம், வளையம் வேண்டாம், கூம்பும் வேண்டாம். அதைவிட எளிய வழி இருக்கும்போது, கடினமான வழியை எவ்வாறு இன்னும் வேகமாக்குவது என்று நம் திறமையான மாணவர்கள் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். குறை அவர்களுடையதன்று. எந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லும் இடத்தில் இருக்கும் நம்முடையது.

சமூக அறிவியல் பயிலும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மக்கள்தொகைக் கொள்கையின் வரலாற்றைச் சட்டங்களிலும் இலக்குகளிலும் மட்டுமே தேடுகிறோம். அறுவை மேசையருகே தட்டில் கிடக்கும் சிறு கருவிகளிலும், அவற்றைக் கையாளும் செவிலியரின் நினைவிலும் அவ்வரலாறு இருக்கிறது. அவர்களிடம் போய்க் கேளுங்கள். பொறியியல் நண்பர்களுக்கு: உங்கள் சாதனம் யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது, மிச்சமான நேரம் யாருக்குப் போகிறது என்று திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். மருத்துவ நண்பர்களுக்கு: வெளியேறும்போது பெண்ணின் கையில் தரும் தாளில் ஒரே ஒரு வரி சேருங்கள், வளையமா நூலா என்று, அவருக்குத் தெரிந்த மொழியில்.

அக்காவின் கேள்விக்கு விடை தேட, அறுவை நடந்த இடத்தின் பழைய பதிவேட்டைப் பார்க்க அவருடன் சென்று விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். விடை கிடைத்தால் அவருடைய இசைவுடன் இங்கே எழுதுகிறேன். இத்துறையில் பணியாற்றிய செவிலியர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், கருத்துப் பகுதியில் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்தவும் தயங்க வேண்டாம்.