டிஃப் லாக் யாருக்கு வேணும்?

போன வாரம் சென்னையில இருக்கிற சித்தி பையன் போன் பண்ணினான். ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுக்கப் போறானாம். "அண்ணே, டிஃப் லாக் உள்ள மாடலா எடுக்கவா, இல்லாததே போதுமா? நீங்க டிராக்டர் ஓட்டுறவங்க, சொல்லுங்க"ன்னான். "எங்கடா ஓட்டப் போற?"ன்னு கேட்டேன். "லாக் இருந்தா எங்க வேணாலும் போகலாம்ல அண்ணே!"

இந்த "எங்க வேணாலும்"தான் எனக்கு ஆகாது. நகரத்துலேர்ந்து வர்றவங்க சொல்ற அந்த இடம், பல நேரம் நாங்க தினம் நடக்கிற வண்டித்தடமாத்தான் இருக்கு. அவனுக்குப் போன்ல பாதிதான் சொன்னேன். மீதியை எல்லாருக்குமா இங்கே எழுதிடுறேன்.

முதல்ல விஷயம் என்னன்னு பார்ப்போம். மாட்டு வண்டியில ரெண்டு சக்கரமும் இருசுல தனித்தனியாச் சுத்தும். இழுக்கிறது மாடு, சக்கரம் சும்மா கூட வருது. வளைவுல ஒண்ணு அதிக தூரம் ஓடினாலும் சிக்கல் இல்லை. மோட்டார் வண்டியில சக்கரமேதான் இழுக்கணும். ரெண்டையும் ஒரே தண்டுல இறுக்கிட்டா வளைவுல ஏதாவது ஒண்ணு தரையைத் தேச்சுக்கிட்டு வரும். அதனால நடுவுல டிஃபரன்ஷியல்னு பல்சக்கர டப்பா ஒண்ணை வச்சு, ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்த வழி பண்ணியிருக்காங்க.

தார் ரோட்டுல இது வரம். சேத்துல இதுவே வினை. டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேத்துல பிடிப்பில்லாம சுத்தினா, அதைச் சுத்த வைக்கத் தேவையான அந்தக் கொஞ்சூண்டு முறுக்குதான் கெட்டித் தரையில நிக்கிற சக்கரத்துக்கும் போகும். கெட்டியா நிக்கிறவன் சும்மா இருப்பான், சறுக்குறவன் சுத்திக்கிட்டே இருப்பான். லாக் போட்டா ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் சுத்தணும். பிடிப்புள்ள சக்கரம் வண்டியை வெளியே இழுத்துடும்.

இப்ப ஒரு வேடிக்கை பாருங்க. ஃபோர் வீல் டிரைவ்னு பின்னாடி பெரிசா எழுதியிருக்கிற வண்டியில லாக்கும் இல்லை, நழுவுற சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் ஏற்பாடும் இல்லைன்னா, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு நழுவினாப் போதும், நாலு சக்கரம் இருந்தும் நகராது. என் டிராக்டர் ரெண்டு சக்கர இழுப்புதான். ஆனா குதிகால் பக்கத்துல டிஃப் லாக் பெடல் ஒண்ணு இருக்கு. ஐப்பசி மழையில சம்பா வயலை விட்டு வெளியேற அந்தப் பெடல் போதும். அதையும் நான் வருஷத்துக்குப் பத்து தடவை மிதிச்சா அதிகம்.

அந்தப் பத்து தடவைக்கும் முறை இருக்கு. சக்கரம் சுத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போடணும். ஒரு வருஷம் நான் டயர் சரசரன்னு சுத்திக்கிட்டிருக்கும்போதே பெடலை மிதிச்சேன். ஹவுசிங்குக்குள்ள டக்குனு ஒரு சத்தம். நடவு நேரத்துல டிராக்டரைப் பிரிச்சுப் போட்டுட்டு மெக்கானிக் வீட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தேன். லாக் போட்டுட்டுத் திருப்பவும் கூடாது. வண்டி நேராத்தான் தள்ளும், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. சாய்ஞ்ச கரையில லாக் போட்டா ரெண்டு சக்கரமும் சேர்ந்தே பள்ளத்துப் பக்கம் சறுக்கும். அடிவயிறு மேட்டுல உட்கார்ந்துட்டா லாக் இருந்தும் பிரயோஜனம் இல்லை, மண்வெட்டிதான் கதி.

இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வாங்குறவங்களை நான் குறை சொல்லலை. ஷோரூம்ல பட்டனைக் காட்டினதும் வாங்குறவங்களைத்தான் சொல்றேன். போன ஐப்பசியில ஒரு ஞாயித்துக்கிழமை மூணு வண்டி எங்க வாய்க்கால் கரைத் தடத்துல வந்துச்சு. முதல் நாள் ராத்திரி நல்ல மழை. களிமண் பூமி, செருப்பே கழண்டு நிக்கும். தடத்தைப் பார்த்ததும் திரும்பியிருக்கணும். திரும்பலை. முதல் வண்டி உருட்டிக் குழி போட்டுட்டுத் தாண்டுச்சு. ரெண்டாவது அந்தக் குழியை ஆழமாக்குச்சு. மூணாவது அதுலேயே உட்கார்ந்துடுச்சு. கடைசியில என் டிராக்டர்தான் போய் இழுத்துச்சு. கை குடுத்து, போட்டோ எடுத்துக்கிட்டு, "சூப்பர் அனுபவம் சார்"னு சொல்லிட்டுப் போனாங்க.

மறுநாள் காலையில பால்காரர் எக்ஸெல் வண்டியில வந்து அந்தப் பள்ளத்தோட நின்னார். ரெண்டு கேனையும் தோள்ல தூக்கிட்டு நடந்தார். ஒரு வாரம் அப்படித்தான். பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கிக்கிட்டுப் போச்சுங்க. கரை உடையாம இருந்தது எங்க அதிர்ஷ்டம். உடைஞ்சிருந்தா வாய்க்கால் தண்ணி நட்டு இருபது நாள் ஆன பயிருக்குள்ள போயிருக்கும். உங்க ஞாயித்துக்கிழமை அனுபவத்துக்கு எங்க திங்கள்கிழமை கூலி.

"லாக் இருந்திருந்தா டயர் சுத்தியிருக்காது, குழி விழுந்திருக்காதே"ன்னு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. சுத்தாத சக்கரம் குழி பறிக்காதுங்கிறது உண்மைதான். ஆனா லாக் கையில இருந்தா மனுஷன் அதே இடத்தோட நிப்பானா? லாக் இல்லாதவன் பத்தடியில மாட்டுவான், இருக்கிறவன் நூறடி உள்ளே போய் மாட்டுவான். இழுக்க வர்ற டிராக்டரும் நூறடி உள்ளே வரணும்.

இன்னொரு ஆத்திரமும் இருக்கு. எங்க ஊருக்கு நெல் மூட்டை ஏத்த, வைக்கோல் ஏத்த வர்ற லோடு வண்டி எல்லாம் பின்சக்கர இழுப்பு. காலியா வரும்போது பின்பக்கம் பாரம் இல்லாம, ஈரத் தடத்துல ஒரு சக்கரம் சுத்தினா முடிஞ்சது. அந்த வண்டிக்குப் பின் அச்சுல ஒரு லாக் இருந்தா எத்தனையோ நாள் மூட்டை நனையாம வீடு சேரும். எங்க ஊருக்கு வந்த லோடு வண்டி ஒண்ணுலயும் அதை நான் பார்த்ததில்லை. மாலுக்குப் போற வண்டியில இருக்கு, மூட்டை சுமக்கிற வண்டியில இல்லை. இதைக் கேட்க ஆள் இல்லை. விளம்பரத்துல பாறை ஏறுறதைக் காட்டுனா வண்டி விக்குது, மூட்டை ஏத்துறதைக் காட்டுனா விக்காதுபோல.

சரி, வாங்கலாமா வேணாமா? இதை மட்டும் கேட்டுப் பாருங்க. நீங்க போற வழியில போயே ஆகணுமா? தனியாப் போறீங்களா? சக்கரம் அந்தரத்துல தூக்குற மாதிரி பாறை, பள்ளம் உண்டா? மூணுக்கும் ஆமான்னா லாக் எடுங்க, காசுக்குத் தகும். மலைத்தோட்டம் வச்சிருக்கிறவங்க, எஸ்டேட் பாதையில தினம் ஏறுறவங்க தாராளமா எடுக்கலாம். ஃபோர்ஸ் கூர்காவுல முன்னாடி பின்னாடி ரெண்டு அச்சுலயும் ஓட்டுறவரே போடுற லாக் இருக்கு. 2020-ல வந்த தார்ல சில மாடலுக்குப் பின் அச்சுல தானாப் பூட்டிக்கிற லாக் கொடுத்தாங்க. தானாப் பூட்டுறது ஒரு சக்கரம் கொஞ்சம் நழுவின பிறகுதான் பிடிக்கும்ங்கிறதை ஞாபகம் வச்சுக்குங்க.

மூணுக்கும் இல்லைன்னா, ஜிம்னி மாதிரி பிரேக் மூலமா வேலை செய்யுற ஏற்பாடே போதும். நழுவுற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிச்சா முறுக்கு அடுத்த சக்கரத்துக்குப் போகும். இது ஒண்ணும் புதுசில்லை. டிராக்டர்ல இடது வலதுன்னு ரெண்டு பிரேக் பெடல் இருக்கே, சுத்துற பக்கத்து பிரேக்கை லேசா மிதிச்சு எங்க அப்பா வெளியே வந்ததை நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன். அந்தக் காலை இப்ப கம்ப்யூட்டர் வச்சிருக்கு.

மிச்சமாகுற காசுல நல்ல டயர் போடுங்க. காத்தடிக்கிற சின்ன பம்ப் ஒண்ணும், அளக்கிற கேஜ் ஒண்ணும் வாங்கி வைங்க. மணல்ல 32 பவுண்டு காத்தை 20-க்கு இறக்கினாலே டயர் பரந்து பிடிக்கும். ரோடு ஏறுறதுக்கு முன்னாடி திரும்ப அடிச்சுடணும். ஒரு மண்வெட்டி, நல்ல கயிறு. எல்லாத்துக்கும் மேல, வண்டியை நிறுத்தி இறங்கி, தடத்துல கால் வச்சு நடந்து பாருங்க. கணுக்கால் வரை புதைஞ்சா திரும்பிடுங்க.

தம்பிக்குக் கடைசியாச் சொன்னது இதுதான்: "லாக் இல்லாததையே எடு. பொங்கலுக்கு வா. தடம் காஞ்சிருக்கும், எந்த வண்டியும் வரும். ஐப்பசியில வந்தா ரோட்டுலேயே நிறுத்திட்டு நடந்து வா. செருப்பைக் கையில எடுத்துக்க."