கூலிக்காரன் மகள் காலேஜுக்குப் போனால் கஜானா காலியாகிவிடுமா?

விடியற்காலை ஐந்து மணி. போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. தூக்குச்சட்டியைக் கையில் பிடித்தபடி நம் பெண்கள் முண்டியடித்து ஏறுகிறார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் காய் எடுத்து, களை எடுத்து, பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறார்கள். இவர்கள் எடுத்த காய்தான் 2019ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் வண்டன்மேடு பக்கத்து ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று. அந்த வருஷம் காய் எடுத்தவள் கூலி அந்த வேகத்தில் ஏறியதா? இல்லை!

அப்படி ஜீப்புக்குக் காத்திருந்த ஒரு தாய் என்னைப் பார்த்து ஓடி வந்தார்.

"அண்ணே, மகளுக்கு இஞ்சினீயரிங் சீட்டு வந்திருச்சு. பீஸை சர்க்காரே கட்டிரும்னு எல்லாரும் சொல்றாங்களே, கட்டுமா?"

"கவர்மெண்டு ஸ்கூலில்தானே படிச்சா, தாயி?"

"ஆமாண்ணே. ஆறாவதும் ஏழாவதும் மேலே, பூப்பாறைப் பக்கம். நாங்க அப்ப தோட்டத்து லயத்தில இருந்தோம். எட்டாவதிலேருந்து போடி."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. தோழர்களே, ஏன் என்று சொல்கிறேன்.

2021ஆம் வருஷம் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இஞ்சினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளில் நூற்றுக்கு ஏழரை இடம். அவர்களுடைய படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே கட்டும். நல்ல சட்டம். நாம் வரவேற்றோம். ஆனால் அதில் ஒரு நிபந்தனை: ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கூலிக்காக மலை ஏறிய குடும்பத்தின் பெண் இரண்டு வருஷம் மலையாள நாட்டுச் சர்க்கார் பள்ளியில் படித்துவிட்டாள். தொலைந்தது!

"முதல் பட்டதாரி" சலுகை? 2010ல் வந்த சலுகை அது. அந்தப் பெண்ணின் அண்ணன் பி.ஏ. முடித்துவிட்டான். வீட்டில் ஒரு பட்டதாரி வந்தாகிவிட்டது. தங்கைக்குச் சலுகை கிடையாது. அந்த பி.ஏ. பட்டதாரி இன்று என்ன செய்கிறான் தெரியுமா? ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை தூக்குகிறான். அவன் பட்டம் வாங்கியதால் அந்த வீட்டின் தரித்திரம் தீர்ந்துவிட்டதாகச் சர்க்கார் கணக்கு எழுதிக்கொண்டது!

வேறு உதவித்தொகை ஏதேனும் கிடைத்தாலும் தனியார் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு துண்டுக்குத்தான் காணும். மீதிக்குத் தாலியைத்தான் அடகு வைக்க வேண்டும். அல்லது மில் ஏஜெண்டு வருவான். "மூணு வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்க்கட்டும், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம்" என்று சுமங்கலித் திட்டம் பேசுவான். மில் தொழிலாளித் தோழர்களுக்கு நான் இதை விவரிக்கத் தேவையில்லை. காலேஜுக் கதவு மூடுகிற இடத்தில்தான் மில் ஏஜெண்டுக்கு வாசல் திறக்கிறது.

எதிரிகளின் வாதம் என்ன?

"எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் நாடு உருப்படுமா?" என்கிறார்கள் பெரிய மனிதர்கள். 2022 ஜூலையில் பிரதமர் மோடி இலவசங்களை "ரேவ்டி" என்றார். அதாவது ஓட்டுக்காக விநியோகிக்கும் மிட்டாய். கூலிக்காரன் மகளின் படிப்பு இவர்களுக்கு மிட்டாயாகத் தெரிகிறது!

சரி, முதலாளிகளுக்குக் கொடுத்ததற்கு என்ன பெயர்? 2019 செப்டம்பர் 20ஆம் தேதி கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். இதனால் வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று நிதி மந்திரியே சொன்னார். மறு வருஷம், 2020 டிசம்பரில், தாழ்த்தப்பட்ட மாணவர்களின் மேல்படிப்பு ஸ்காலர்ஷிப்புக்கு ஐந்து வருஷத்துக்குமாகச் சேர்த்து ஒதுக்கியது 59,048 கோடி. அதிலும் நூற்றுக்கு நாற்பது பங்கு ராஜ்ய சர்க்கார்கள் தலையில். முதலாளிகளுக்கு ஒரே வருஷத்தில் விட்டுக்கொடுத்த தொகை, கோடிக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒதுக்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! இதை எந்தப் பெரிய மனிதராவது மிட்டாய் என்று சொன்னாரா?

இன்னொரு வாதம் கொஞ்சம் சாமர்த்தியமானது. நம் தோழர்களே சிலர் அதில் மயங்குகிறார்கள். ஆகையால் கவனித்துப் பதில் சொல்ல வேண்டும். "படிக்காத கூலிக்காரனும் வரி கட்டுகிறான். அந்தப் பணத்தில் ஒருவன் இஞ்சினீயராகிக் கை நிறையச் சம்பாதிப்பதா? படிக்கிறவன்தானே லாபமடைகிறான், அவனே கடன் வாங்கிப் படிக்கட்டும்" என்கிறார்கள்.

கூலிக்காரன் வரி கட்டுகிறான் என்பது நிஜம். சோப்பு வாங்கினால் வரி, செல்போனுக்குப் பணம் போட்டால் வரி. கூலிக்காரன்மேல் இவ்வளவு கரிசனம் இருந்தால் என்ன செய்ய வேண்டும்? அவன்மேல் விழும் வரியைக் குறைத்து, பணக்காரன் வரியைக் கூட்ட வேண்டும். அவன் பிள்ளையையும் காலேஜுக்குள் கொண்டுவர வேண்டும். அதை விட்டுவிட்டு, "உன் பிள்ளை உள்ளே வரவில்லை, ஆகையால் கதவையே சாத்திவிடுகிறோம்" என்பது என்ன நியாயம்? பசித்தவன் பந்திக்கு வரவில்லையென்று அடுப்பை அணைப்பதா?

படிக்கிறவன் மட்டுமா லாபமடைகிறான்? போடியில் பிரசவ வார்டில் நிற்கும் டாக்டரும், பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் வாத்தியாரும், மலை ரோட்டுக்குச் சுவர் எழுப்பும் இஞ்சினீயரும் அவரவர் வீட்டுக்கு மட்டுமா உபயோகப்படுகிறார்கள்? படித்த பிறகு ஒருவன் நிறையச் சம்பாதித்தால் அவனிடம் வருமான வரி வாங்கிக்கொள்ளட்டும். சம்பாதிப்பதற்கு முன்பே ஏன் கழுத்தைப் பிடிக்க வேண்டும்?

கடன் என்ற புதுக் கங்காணி

நம் முன்னோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனபோது கங்காணி முன்பணம் கொடுத்தான். கடன் தொகை "துண்டு" என்ற சீட்டில் ஏறிற்று. கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. அந்தத் துண்டு முறை 1921ல் ஒழிந்தது. இன்று பாங்கு கொடுக்கும் கல்விக் கடன் என்ன? வேலை கிடைக்கும் முன்பே கழுத்தில் விழும் துண்டு. 2024 நவம்பரில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த வித்யாலட்சுமித் திட்டமும் கடன் திட்டமே. அதுவும் நாட்டில் பொறுக்கி எடுத்த ஸ்தாபனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும். கடன்காரனாக வெளியே வரும் வாலிபன் கொடுத்த சம்பளத்துக்குத் தலையாட்டுவான். யூனியனில் சேரப் பயப்படுவான். முதலாளிக்கு அதுதானே வேண்டும்?

முடியாத காரியமா?

இலங்கையில் 1945லேயே கன்னங்கரா மந்திரியாக இருந்தபோது பள்ளி முதல் சர்வகலாசாலை வரை இலவசக் கல்வி கொண்டுவந்தார்கள். நம்மைவிடச் சின்ன நாடு அது. அங்கேயும் ஒரு கொடுமை நடந்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுத்த தேயிலைத் தோட்டத் தமிழன் பிள்ளை, 1970கள் வரை தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிக் கிடந்தான். உழைத்தவன் ஒருவன், உண்டவன் ஒருவன். ஜெர்மனி முதலாளித்துவ நாடுதான். ஆனாலும் மாணவர்கள் போராடிய பிறகு, 2014க்குள் எல்லா ராஜ்யங்களிலும் சர்வகலாசாலைக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து எதிர்த்திசையில் போயிற்று: 1998ல் 1,000 பவுன், 2012ல் 9,000 பவுன்!

நம் தமிழ்நாட்டையே பாருங்கள். 2021-22ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் வாலிப வயதினரில் நூற்றுக்கு 28 பேர் உயர்கல்வியில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 47 பேர். மதிய உணவு, இலவசப் பள்ளிக் கல்வி, இட ஒதுக்கீடு, உதவித்தொகை இவற்றால் வந்த பலன் இது. மிட்டாயால் நாடு கெட்டதா, வளர்ந்ததா? மீதி 53 பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தேடினால், ஜீப்பு நிற்கும் இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டும்.

யார் கைக்குப் பணம் போகிறது?

இங்கே ஒரு எச்சரிக்கை. "சர்க்கார் கட்டணம் கட்ட வேண்டும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கிணறுதான் தாண்டுகிறோம். 1984ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதி இஞ்சினீயரிங் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. கல்வி வியாபாரமாயிற்று. 2002ல் சுப்ரீம் கோர்ட்டும் தனியார் கல்லூரிகள் "நியாயமான உபரி" வைத்துக்கொள்ளலாம் என்றது. அந்தக் கல்லூரிகள் கேட்பதையெல்லாம் கஜானாவிலிருந்து கட்டிக்கொண்டே இருந்தால், மக்கள் பணம் கல்வி வியாபாரியின் கல்லாவுக்கே போய்ச் சேரும். ஆகையால் கட்டணத்துக்குக் கடிவாளம் போட வேண்டும். சர்க்கார் கல்லூரிகளைப் பெருக்க வேண்டும். 2012ல் போடியிலேயே சர்க்கார் இஞ்சினீயரிங் கல்லூரி வந்தது. வரத்தான் முடிந்தது! அதுபோல் இன்னும் பல வர வேண்டும். அவற்றில் இடமும் பெருக வேண்டும்.

நமது கோரிக்கைகள்:

சர்க்கார் கல்லூரிகளிலும் சர்வகலாசாலைகளிலும் எந்தப் பெயரிலும் கட்டணம் கூடாது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த ஏழை மாணவர் அனைவருக்கும், நிர்ணயித்த கட்டணத்தைச் சர்க்காரே வகுப்பு தொடங்கும் முன் கட்ட வேண்டும். பணம் வரவில்லையென்று கல்லூரிகள் சர்டிபிகேட்டை முடக்கி வைப்பதைக் குற்றமாக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கு ஒழிய வேண்டும். அண்ணன் படித்தது தங்கையின் குற்றமல்ல.

கேரளச் சர்க்கார் பள்ளியில் படித்த வருஷங்களைத் தமிழ்நாடு கணக்கில் சேர்க்க வேண்டும். அதேபோல், 1950க்கு முன்பே குடியேறியதற்கு ருசு கேட்டு, மலைமேல் வாழும் தாழ்த்தப்பட்ட தமிழ்த் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு ஜாதி சர்டிபிகேட் மறுக்கும் கொடுமைக்குக் கேரளமும் மத்திய சர்க்காரும் முடிவு கட்ட வேண்டும். கேரளத்தில் யார் ஆட்சியில் இருந்தாலும், நம்மவர்களே இருந்தாலும், இதைக் கேட்போம். ஏலக்காய் மூட்டை போடிமெட்டைத் தாண்டி வந்து போடியில் ஏலம் போகிறது. மூட்டைக்குத் திறக்கிற எல்லை பிள்ளையின் படிப்புக்கு மட்டும் ஏன் அடைபடுகிறது?

தோழர்களே! நான் பத்தாவதோடு நின்றவன். மேலே படிக்கவைக்க என் தகப்பனாரிடம் காசில்லை. கேட்டு வாங்க அன்று எங்கள் ஊரில் சங்கமும் இல்லை. இன்று சங்கம் இருக்கிறது. கூலி உயர்வுக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் படிப்பையும் எழுதுங்கள். கிட்டங்கியிலும் மில் கேட்டிலும் ஜீப்பு நிற்கும் இடத்திலும், சீட்டு கிடைத்தும் பணமில்லாமல் தவிக்கும் பிள்ளைகளின் பட்டியலைத் திரட்டுங்கள். பட்டியலோடு கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாகப் போவோம். ஒற்றையாளாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். ஊராகத் திரண்டு போனால் உட்காரச் சொல்வார்கள்.

அந்தத் தாய் அன்றும் ஜீப்பேறி மலைக்குப் போனார். போகும்போது, "மனுவில என் பேரை முதல்ல எழுதுங்கண்ணே" என்றார். எழுதியாயிற்று. அடுத்த பெயர்கள் உங்களுடையவை.

படிப்பு பிச்சையல்ல! பாடுபடுகிறவன் கேட்கும் பாக்கி!