வெந்தயமும் இருக்கட்டும், குளிசையும் இருக்கட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கொலஸ்ட்ரோல் குளிசை போடுகிறவர்கள் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் வாப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. 96 ஆக இருந்த கெட்ட கொலஸ்ட்ரோல் (எல்.டி.எல்.) 168 ஆகியிருந்தது. விசாரித்தால், மூன்று மாதமாகக் குளிசையே போடவில்லையாம். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை நம்பி, காலையில் வெந்தயத் தண்ணீர், இரவில் உள்ளி. கிளினிக்கில் தந்த குளிசை அலுமாரிக்குள் அப்படியே கிடக்கிறது. "இயற்கை மருந்துதானே மகள், ஒண்டும் செய்யாது" என்கிறார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற நான், சொந்த வீட்டைக் கவனிக்கவில்லை.

வாப்பா சொன்னது முழுக்கப் பிழையில்லை. வெந்தயத்தில் உள்ள கொழகொழப்பான நார்ப்பொருள் குடலில் பித்த உப்பைப் பிடித்து வெளியேற்றும். இழந்த பித்தத்தைத் திரும்பச் செய்ய, ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ரோலை எடுக்கும். ஆனால் அளவைப் பாருங்கள். 1990இல் ஹைதராபாத் தேசிய போஷாக்கு நிறுவன ஆய்வாளர்கள் நோயாளிகளுக்கு நாளொன்றுக்குக் கொடுத்தது 100 கிராம் வெந்தயத் தூள். நாங்கள் ஒரு தேக்கரண்டியை ஊறவைத்து, விதையை வீசிவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறோம். நோன்புக் கஞ்சியில் வெந்தயமும் உள்ளியும் போட்டுவிட்டு, பக்கத்தில் நாலு ரோல்ஸ் வைப்பதும் இந்தக் கணக்குத்தான்.

குக்குலு பிசினின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். கொழுப்பு நோய்க்கு ஆயுர்வேத நூல்கள் சொன்ன மருந்து அது. 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்தியவதி என்ற ஆய்வாளர் முயல்களில் சோதித்து, கொலஸ்ட்ரோல் குறைவதைக் காட்டினார். பிறகு இந்தியாவில் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 2003இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். கெட்ட கொலஸ்ட்ரோல் குறையவில்லை, 4 முதல் 5 வீதம் கூடியது. சிலருக்குத் தோலில் ஒவ்வாமையும் வந்தது. பழைய நூலில் இருக்கிறது, முயலுக்கு வேலை செய்தது என்பதெல்லாம் ஆய்வைத் தொடங்கக் காரணம். மனிதரில் சோதித்தால்தான் முடிவு.

அந்தக் குளிசை மட்டும் எங்கிருந்து வந்தது? 1973இல் ஜப்பானியரான அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைத் தேடி, ஒரு பூஞ்சணத்தில் முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். ஈரலில் கொலஸ்ட்ரோல் செய்யும் நொதியத்தை அது தடுக்கும். ஆக, ஸ்டாட்டினின் மூலமும் இயற்கைதான். வித்தியாசம், அளவு தெரியும், ஆயிரக்கணக்கானோரில் சோதித்து மாரடைப்புக் குறைவதைக் கண்டிருக்கிறார்கள், பக்க விளைவும் எழுதப்பட்டிருக்கிறது.

நான் நாட்டு வைத்தியத்துக்கு எதிரி இல்லை. விருப்பமுள்ளவர்கள் கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குப் போய், படித்த வைத்தியரிடம் கேளுங்கள். போடுகிற குளிசையை அவரிடமும், குடிக்கிற கசாயத்தைக் கிளினிக் டொக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். குளிசையால் தசை நோவு வந்தாலும் நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

கொலஸ்ட்ரோல் கூடினால் வலிக்காது, காய்ச்சல் வராது. அதனால்தான் நிறுத்தினாலும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறோம்.

இன்றைக்கு வீட்டில் வாப்பா, உம்மா, மூத்தம்மா யாருடைய அலுமாரியையாவது ஒருக்கால் திறந்து பாருங்கள். குளிசை மிச்சமிருந்தால் ஏசாதீர்கள். பக்கத்தில் இருந்து கதையுங்கள். வாப்பா இப்போது இரண்டையும் எடுக்கிறார், வெந்தயத்தை விதையோடு.