கயிறு பிடிப்பார் யார்?

சென்ற கோடை விடுமுறையில், தூத்துக்குடியில் எமது இல்லத்து முற்றத்தமர்ந்து மடிக்கணினியில் 'ஸிவிலிஸேஷன்' என்னும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை ஆடிக்கொண்டிருந்தோம். எம் பாட்டனாரின் தமையனார் அருகிருந்து நோக்கினார். அவர் எண்பது கடந்தவர். 1961-ஆம் ஆண்டில், இக்கரையில் நடந்த கடைசி முத்துக்குளிப்பில், இன்றைய எம் வயதே உடைய இளைஞராய் வள்ளமேறிச் சென்றவர். திரையிற் காட்டிய கடலில் ஓரிடத்தே முத்துச் சிப்பி கிடப்பதாகக் குறி இருந்தது. யாம் ஒரு படகைக் கட்டுவித்து அவ்விடத்துக்குச் செலுத்தினோம். படகு பாரை அடைந்ததும் மறைந்தொழிந்தது. மறைந்த அளவிலே எம் நாட்டு மக்களின் மகிழ்ச்சி 4 அலகு ஏறியதாகக் கணக்குத் தோன்றிற்று.

பெரியவர் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். "முத்து வந்திட்டு, சரி. வள்ளம் எங்கலே? கயிறு பிடிச்சவன் எங்க?" என்றார்.

யாம் விடை கூற அறியாது விழித்தோம். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கணினி ஆட்டங்கள் பல திறத்தன. நாடு, நகர், படை முதலியவற்றை மேலிருந்து ஆட்சி செய்யுந் தந்திர ஆட்டம் ஒரு வகை. ஒரு பாத்திரத்தின் வேடத்தைத் தாமே ஏற்று, துணைவரோடு கூடி வழிநடப்பது மற்றொரு வகை. அதனை வேடமேற்கும் ஆட்டம் என்பாம். இவ்விரண்டினும் மாந்தர்க்குள் உறவு என ஒன்று காட்டப்படுகின்றது. அவ்வுறவை ஆட்டம் வகுப்போர் எதனால் ஆக்குகின்றனர் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். ஆட்டம் நன்றோ தீதோ என்னும் பழைய வழக்கைப் பேராசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளருக்கும் விட்டுவிடுகின்றோம்.

முதற்கண் கயிற்றைப் பற்றி அறியாத நண்பர்க்குச் சில சொல்லல் வேண்டும். முத்துக் குளிப்போன் காலிற் கல்லைப் பூட்டி எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில் இறங்குவான். அவன் தரையைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வர். ஒரு நிமிடம், அல்லது அதனின் சற்று மிகுந்த நேரம், மூச்சை அடக்கிச் சிப்பிகளை வலைப்பையில் வாரியிட்டபின், கயிற்றை ஒரு முறை சுண்டுவான். மேலே வள்ளத்திலிருப்போன் அதனை உணர்ந்து விரைந்து இழுப்பான். கீழிருப்போனுக்கும் உலகிற்கும் அக்கயிறொன்றே தொடர்பு. ஆதலின் அதனைப் பிடிப்போன் மைத்துனனாக, அஃதாவது மனைவியின் உடன்பிறந்தானாக, இருத்தல் வேண்டும் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. தன் தமக்கையோ தங்கையோ தாலியிழப்பதை எவன் பொறுப்பான்! வஞ்சம் நினைத்தாலும் கை கயிற்றை விடாது என்பது கருத்து. இவ்வழக்கு எல்லா வள்ளத்திலும் தவறாது நின்றதோ எனப் பெரியவரை வினவினோம். அவர் நகைத்து, "மச்சான் இல்லாதவனும் குளிச்சான்லே. எவன நம்புனானோ அவன் கையில கயித்தக் குடுத்தான்" என்றார்.

இனி ஆட்டத்திற்கு வருவோம். 2010-இல் வெளிவந்த அவ்வைந்தாம் பதிப்பில் முத்து ஓர் இன்பப் பொருள்; பட்டும் பொன்னும் போல. ஒருமுறை படகு சென்றுவிட்டால் ஆயிரம் ஆண்டாயினும் அம்முத்து வற்றாது. எம் கடலிலோ 1955 முதல் 1961 வரை தொடர்ந்து குளிப்பு நடந்தபின் பார்கள் மீண்டும் அவ்வாறு விளையவேயில்லை. 1973-இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் முத்தை வளர்த்தெடுக்கக் கற்றனர்; கடல் தானே தரும் முத்து வரவில்லை. வற்றாத முத்தினைக் கண்டு எமக்கு நகையே தோன்றிற்று.

அரசர்க்குள் உறவு காட்டப்படும் முறையும் அத்தகையதே. அவ்வாட்டத்தின் ஆறாம் பதிப்பில், 2021-இல், போர்த்துக்கல் நாடு சேர்க்கப்பட்டது. அதன் தலைவராக வருபவர் மூன்றாம் ஜான் மன்னர். அவர் பெயர் இக்கரையினர்க்குப் புதிதன்று. கடலுரிமை பற்றிய பூசலில் பரதவர் போர்த்துக்கேயரின் காவலை வேண்டியதும், 1535 முதல் 1537 வரை பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றதும் அவர் ஆட்சியிலேயாம். ஒரு குலம் தன் படகையும் பாரையும் காத்தற்பொருட்டுத் தன் வாழ்வு முழுவதையும் வேற்று நாட்டான் கையில் ஒப்படைத்த உறவு அது. அதன் நன்மையும் தீமையும் நானூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக எம்மிடை வாழ்கின்றன. ஆட்டத்திலோ ஜான் மன்னர் நம்மீது கொண்ட மதிப்பு, கூட்டல் மூன்று, கழித்தல் ஐந்து எனப் பட்டியலாய் வருகின்றது. மளிகைக் கடைக் கணக்கும் இவ்வளவு சுருங்காது.

'ஏஜ் ஆப் எம்பயர்ஸ்' என்னும் போராட்டத்தின் இரண்டாம் பதிப்பில் 2022-இல் திராவிடர் என ஓரினம் புகுத்தப்பட்டது. இராசேந்திர சோழரின் போர்ச் செலவுகளும் அதனுள் ஒரு தொடராக அமைந்தன. தமிழ் மாணவர் யாவரும் அதனை மகிழ்ந்து வரவேற்றோம். அவ்வாட்டத்தில் திராவிட மீனவர் பிறரினும் 15 அலகு மிகுதியாக உணவு சுமப்பர். நெய்தல் நிலத்தார்க்கு இது பெருமையே. ஆயினும் அம்மீனவர்க்குப் பெயரில்லை, மனையில்லை, தோழனில்லை. ஒருவன் மூழ்கினால் 'மற்றொருவனைச் செய்க' எனப் பொத்தானை அழுத்துகின்றோம்.

பெயரின்மையே குறை என்று யாம் கூறவில்லை. இதனை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். நம் அகப்பாடல்களில் எவர்க்கும் பெயரில்லை. இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. ஆயினும் அங்கே முகமில்லாதவர் ஒருவருமில்லை. எதனால்? ஒவ்வொருவரும் மற்றொருவர்க்கு இன்ன முறையினர் என்பதனால் நிற்கின்றனர். தலைவி, தோழி, செவிலி, நற்றாய் என்னுஞ் சொற்கள் பெயரல்ல, உறவே. தோழி வாய் திறந்தாளாயின் யாருக்காகப் பேசுகின்றாள், எதனை மறைக்கின்றாள் என்பது நமக்கு உடனே விளங்கும். ஆட்டத்து மீனவனிடம் இல்லாதது பெயரன்று; அவனைக் காத்திருப்பார் ஒருவருமிலர் என்பதே குறை.

வேடமேற்கும் ஆட்டங்களில் உறவுண்டு. அது பெரும்பாலும் விலைக்கு வாங்கும் உறவாக இருப்பதே எமது மனக்குறை. 'ஸ்டார்டியூ வாலி' என்னும் உழவர் ஆட்டம் 2016-இல் வந்தது. ஒரே மனிதர் தனித்திருந்து வகுத்தது. யாமும் விரும்பி ஆடியதே. அதில் ஊரார் ஒவ்வொருவர்க்கும் பரிசில் கொடுத்து நட்பைப் பெறலாம். 250 புள்ளி சேர்ந்தால் ஓர் இதயக்குறி. வாரத்திற்கு இரண்டு பரிசிலுக்கு மேற் கொடுத்தல் இயலாது. எல்லாரும் விரும்பும் அரும்பொருள்கள் சில உள. அவற்றுள் ஒன்று முத்து! அதனைக் கொடுத்தால் 80 புள்ளி. கொடுப்பதிற் பிழையில்லை, நம் ஊரிலும் பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகின்றோம். ஆயின் பலகாரம் பெற்றவன் கயிறு பிடிப்பான் என்று யாரும் எண்ணார். பரிசிலால் முகமலர்ச்சி வரும். நம்பிக்கை வருவது வேறு வழியால்.

அவ்வேறு வழியை ஒருவாறு கண்டுகொண்ட ஆட்டமும் உண்டு. ஜப்பானியரின் 'ஃபயர் எம்ப்ளம்' 1990-இல் தோன்றியது. தந்திரமும் வேடமேற்றலுங் கலந்தது. அதில் நம் படையில் ஒவ்வொருவனும் பெயரும் குணமும் உடையவன். போரில் மாண்டவன் மீண்டு வாரான். பின் வந்த பதிப்புகளில், அருகருகே நின்று பொருத இருவர்க்குள் நட்பு வளர்ந்து, அந்நட்பே ஒருவர்க்கொருவர் அரணாக உதவுமாறும் வகுத்தனர். ஒரு வீரனை எவ்விடத்தில் நிறுத்துவது என எண்ணும்போது அவனைக் காப்பார் எவர் என்றும் எண்ணியாக வேண்டும். இஃது ஏறத்தாழக் கயிறே. இத்தகைய இழப்பைத் தாங்காமல் பலர் ஆட்டத்தை நிறுத்தி மறுபடி தொடங்குவதுண்டு. யாமும் அவ்வாறு செய்தவரே. 2010-இல் வந்த பதிப்பொன்றில் வீழ்ந்தவர் அடுத்த போரில் எழுந்து வருமாறு எளிய முறை ஒன்றனையும் சேர்த்தனர். அதனை யாம் பழிக்கவில்லை. நாள் முழுதும் உழைத்து இரவில் ஒருமணி நேரம் ஆட அமர்பவனை அழவைப்பதற்கு எவர்க்கு உரிமையுண்டு? ஆயினும் அம்முறையில் ஆடியபோது எம் வீரர் எங்கு நின்றாலும் எமக்குக் கவலையில்லாதாயிற்று. அவர் பேசும் பேச்சையும் படியாமற் கடந்தோம். ஆட்டம் வகுப்போர் இதனை அறிந்தே செய்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

மரணமின்றியும் உறவைக் காட்டலாம் என்பதற்கு நம் தமிழரே சான்று தந்திருக்கின்றனர். கனடாவில் டொரான்டோ நகரத்து 'விசை' நிறுவனத்தார் 2023-இல் 'வெண்பா' என்றோர் ஆட்டம் வெளியிட்டனர். யாப்பிலக்கணங் கற்பார் அப்பெயரைக் கண்டதும் முகமலர்வர். ஆயின் வெண்பா என்பாள் அங்கே தமிழகத்தினின்று 1980-களிற் குடியேறிய ஒரு தாய். அவள் தன் தாய் கொடுத்த சமையற் குறிப்பேட்டை வைத்து இட்டலி முதலியன செய்கின்றாள். ஏடு கிழிந்து, எழுத்து மங்கிக் கிடக்கின்றது. விட்டுப்போன வரியை ஆடுவோர் தாமே உய்த்துணர்ந்து நிரப்ப வேண்டும். பின்னர் அவள் மகன் கவின் அவ்வேட்டைக் கையிலெடுக்கும்போது, தாளிலுள்ள மங்கலோடு அவனுடைய தமிழின் குறையுஞ் சேர்ந்துகொள்கின்றது. தாய்க்கும் மகனுக்கும் இடையே எத்தனை புள்ளி என எவ்விடத்தும் காட்டவில்லை. படிக்க முடியாத ஒரு சொல்லின்முன் நாம் திகைத்து நிற்கும் அத்திகைப்பே உறவின் அளவாகின்றது. 2024-இல் பாஃப்டா என்னும் பிரிட்டிஷ் கழகத்தார் முதற்படைப்பிற்குரிய பரிசை இதற்கு அளித்தனர்.

'கணினி எண்ணையன்றி வேறறியாது. எண்ணின்றி உறவை எங்ஙனம் வகுப்பது?' எனக் கணினித் துறை நண்பர் ஒருவர் எம்மை மறுத்தார். உண்மையே. எண் உள்ளே இருக்கட்டும். எம் வினா வேறு. அவ்வெண் எதனாற் கூடுகின்றது, எப்பொழுது செலவாகின்றது? தனக்கொரு கேடும் வாராமற் கூடும் எண்ணுக்கும், தன்னை ஒருவன் கையில் ஒப்புவித்துக் கூடும் எண்ணுக்கும் வேற்றுமை இல்லையோ?

இதற்கு விடை எம் விடுதியிலேயே, யாம் எதிர்பாராதபோது, காதில் விழுந்தது. நம் மாணவர் கைப்பேசியில் நால்வராய்க் கூடி ஆடுந் துப்பாக்கி ஆட்டத்தை அறியாதார் இலர். அஃது யாம் மேற்கூறிய இருவகையினும் சேராது. அதிற் கதையும் பெரிதாக இல்லை. ஆயினும் ஒருவன் அடிபட்டு வீழ்ந்தால் அவன் தவழ்ந்துகொண்டிருப்பான். தோழன் ஒருவன் அருகே வந்து, சில நொடி அசையாதிருந்து, தன்னையும் பகைவர் குண்டிற்கு இலக்காக்கிக்கொண்டு, அவனை எழுப்பல் வேண்டும். ஒரு நாள் இரவு அடுத்த அறையிலிருந்து, "மச்சான்! மச்சான்! எழுப்புடா!" என்ற கூக்குரல் எழுந்தது. கூவினவர் நாகர்கோயிலார், விளிக்கப்பட்டவர் அறந்தாங்கியார். அவர்க்குள் கொண்டான் கொடுத்தான் முறை யாதுமில்லை. ஆயினும் உயிர் போகும் நேரத்தில் அவர் வாயில் வந்த சொல், இக்கரையிற் கயிறு பிடிப்பவனுக்கு வழங்கிய அச்சொல்லே. யாம் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். (மறுநாள் காலைத் தேர்வில் அவ்விருவரும் எவ்வாறு எழுதினர் என்பதைக் கூறாது விடுகின்றோம்.)

அது முதல், மேற்கூறிய கணினித் துறை நண்பரும் யாமும் முத்துக்குளிப்பைப் பற்றி ஓர் ஆட்டம் வகுக்கத் தலைப்பட்டுள்ளோம். அதில் முதலில் தேர்ந்தெடுப்பது வள்ளமன்று, பாருமன்று; கயிறு பிடிப்பவனையே. வலிய தோளுடைய அயலான் ஒருவன், நேற்று நம்மோடு சண்டையிட்ட மைத்துனன் ஒருவன்: இருவருள் யார்? ஒரு நாள் ஆடுவோன் நீரின்கீழ் இறங்குவான்; மறுநாள் மேலே நிற்பான். மேலே நிற்கும் நாளில் திரையிற் காண்பது நீரும் கயிறும் மட்டுமே. கிடைத்த சிப்பியைப் பங்கிடும் முறையும் வரும். சுறாவைக் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்தனர் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியிருத்தலின், அவனும் வருவான். சிப்பி பலவற்றுள் முத்திராது. சில ஆண்டுகளிற் பாரே விளையாது. அவ்வாண்டுகளில் ஆட்டமும் குளிப்பின்றி நடக்கும். இது விற்பனையாகாது என்கிறார் நண்பர். இருக்கட்டும்.

எமக்குள் ஒரு பிணக்கு மட்டுந் தீரவில்லை. மேலிருப்போன் எத்துணை நேரம் ஆயிற்று என அறியுமாறு ஒரு மூலையிற் கடிகாரம் காட்டல் வேண்டும் என்பது நண்பர் கட்சி. கூடாது என்பது எம் கட்சி. வழக்கைப் பெரியவரிடம் கொண்டு சென்றோம்.

"மணி ஏதுலே அப்ப? மனசுக்குள்ள எண்ணுவோம்" என்றார்.

எத்தனை வரை எண்ணுவது என நண்பர் கையில் எழுதுகோலோடு கேட்டார்.

"அது ஆளுக்கு ஆளு வேற மக்கா. எங்க மச்சானுக்கு நான் எழுபது எண்ணுவேன். எழுபதுக்குள்ள கயிறு சுண்டலேன்னா, அவன் சுண்டுறதுக்கு நிக்கமாட்டேன், இழுத்துருவேன். மேல வந்து ஏசுவான், பை நெறையலன்னு." சிறிது நேரம் கழித்து, "ஏசட்டும்" என்றார்.

நண்பர் 70 என்று குறித்துக்கொண்டார். அதனைத் திரையிற் காட்டுவதா, ஆடுவோரே எண்ணிக்கொள்ள விடுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை.