இரட்டைக் குழந்தை வீட்டுக்கு இன்னும் இரண்டு கைகள் வேண்டும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். இளம் தகப்பன்மார் கட்டாயம் படியுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரட்டைக் குழந்தை பிறந்த வீட்டில் முதல் ஆறு மாதம் தகப்பன் கூடவே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வந்து, குழந்தைகளைப் பார்த்துவிட்டு, இரவு பஸ் ஏறிப் போகிற விருந்தாளியாக இருக்கக் கூடாது. "பிரசவம் பெண்ணைப் பெற்றவர்கள் பாடு" என்கிற வழக்கம் ஒரு குழந்தைக்கே சரியில்லை. இரண்டு குழந்தைக்கு அது கொடுமை.

என் மகளுக்கு ஐந்து மாதத்துக்கு முன்னால் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உருவானவர்கள். அச்சில் வார்த்தது போல ஒரே சாயல். பெரியவள் 2 கிலோ 100 கிராம், நான்கு நிமிடம் கழித்துப் பிறந்த சின்னவள் 1 கிலோ 800. சின்னவள் ஒன்பது நாள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தாள். அங்கிருந்த செவிலியர்கள்தான் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் எப்படிக் கொடுப்பது, குழந்தையைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து எப்படிச் சூடு கொடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். கங்காரு முறை என்பார்கள். 1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த மருத்துவர்கள் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க எடை குறைந்த குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தச் சூட்டைத் தாய்தான் தர வேண்டும் என்று விதி இல்லை. தகப்பன் நெஞ்சும் சூடுதான். தாத்தா நெஞ்சும் சூடுதான். நானே தினமும் ஒரு மணி நேரம் சின்னவளை அப்படி வைத்திருந்தேன்.

இப்போது வாத்தியார் புத்தி. ஒரு கணக்குப் போடுவோம்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். பத்து என்று வையுங்கள். இரண்டு பேருக்கு 20 தடவை. பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விட வைத்துப் படுக்கப் போட, வேகமாகச் செய்தாலும் அரை மணி நேரம். ஆக 10 மணி நேரம். துணி மாற்றுவது, சுத்தம் செய்வது 20 தடவை, தடவைக்குப் பத்து நிமிடம் என்றால் 3 மணி 20 நிமிடம். குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, அழுகையை அமர்த்தித் தூங்க வைக்க இன்னும் ஒரு 3 மணி நேரம். மொத்தம் 16 மணி 20 நிமிடம். மிச்சம் இருப்பது 7 மணி 40 நிமிடம். அதில்தான் அந்தப் பெண் சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், தையல் போட்ட வயிற்றோடு எழுந்து நடமாட வேண்டும், தூங்கவும் வேண்டும். அந்த 7 மணி 40 நிமிடமும் ஒன்றாகக் கிடைக்காது. இருபது துண்டாகக் கிடைக்கும். ஒரு துண்டு 23 நிமிடம்.

இருபத்து மூன்று நிமிடத் தூக்கத்தில் ஒரு மனுஷி எத்தனை நாள் தாங்குவாள்?

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பால் கொடுத்தால் நேரம் மிச்சமாகும். ஆனால் அப்படிக் கொடுக்க, தலையணையை அண்டக் கொடுத்து, ஒரு குழந்தையை எடுத்து நீட்டி, பிறகு வாங்கிக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் வேண்டும். பால் போதாது என்று பயப்பட வேண்டியதில்லை. குழந்தைகள் குடிக்கக் குடிக்கப் பால் ஊறும், இரண்டு குழந்தைக்கும் ஊறும். தூக்கமும் சாப்பாடும் நிம்மதியும் இல்லாவிட்டால்தான் சிக்கல். அந்த மூன்றையும் சுற்றி இருப்பவர்கள்தான் தர முடியும்.

"அந்தக் காலத்தில் எட்டுப் பிள்ளை பெற்றார்களே, இப்படியா அலட்டிக்கொண்டார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் இருந்தே கேட்டார்கள். அந்தக் காலத்து வீட்டில் பாட்டி, அத்தை, சின்னம்மா, ஓர்ப்படி என்று ஆறேழு பெண்கள் இருந்தார்கள். பத்து வயதுப் பெண் பிள்ளை இடுப்பில் தம்பியைச் சுமந்தது. அதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது. அப்படி நின்ற பிள்ளைகளைத் தேடி நானே வீடு வீடாக அலைந்திருக்கிறேன். யாரோ ஒரு பெண்ணின் படிப்பில் கடன் வாங்கித்தான் அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள். அதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். இன்று எங்கள் வீட்டில் இருப்பது நானும், முழங்கால் வலியோடு அறுபது வயது மனைவியும்தான்.

என் மாப்பிள்ளை திருப்பூரில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். குழந்தை பிறந்ததற்குக் கிடைத்த விடுப்பு ஐந்து நாள். அதுவும் அவர் சேர்த்து வைத்திருந்த தற்செயல் விடுப்பு. ஆறாவது நாள் கிளம்பிவிட்டார். வாரம் ஒருமுறை வந்து போனார். மூன்றாவது வாரம் என் மகள் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிச் சரிந்தாள். மறுநாள் காரணம் இல்லாமல் அழுதாள். "அப்பா, எனக்கு ரெண்டையும் பார்த்தா பயமா இருக்கு" என்றாள். பிள்ளை பெற்ற பெண் இப்படிச் சொன்னால் "பாலூட்டுகிறவள் அழக் கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நாங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னோம். அவர் மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் பரிசோதித்துவிட்டு முதலில் எழுதிக்கொடுத்தது மாத்திரை இல்லை. "இரவில் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்க விடுங்கள்" என்பதுதான்.

அன்று இரவே மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "மாப்பிள்ளை, பணம் காசு நாங்க பார்த்துக்கிறோம். ஆளு வேணும். வாங்க" என்றேன். சம்பளம் இல்லாத விடுப்பில் ஒரு மாதம் வந்து தங்கினார்.

ஊர் சும்மா இருக்குமா? "மாமனார் வீட்டில் மாப்பிள்ளை மாசக் கணக்கில் உட்காரலாமா?" என்று ஒரு பேச்சு. "ஆம்பளை பீத்துணி அலசறானே" என்று இன்னொரு பேச்சு. அவர் தம் பிள்ளைகளின் துணியைத்தானே அலசினார்? இதில் என்ன கௌரவம் போயிற்று? இரவு பத்து முதல் இரண்டு வரை அவர் முறை. இரண்டு முதல் ஐந்து வரை என் முறை. பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் கொடுப்போம். அந்த நான்கு மணி நேரம் என் மகள் தூங்கினாள். ஒரே வாரத்தில் முகம் மாறியது. இரண்டாவது வாரம் சிரித்தாள். தாய்ப்பாலும் கூடியது.

பழைய பழக்கத்தில் ஒரு நோட்டில் கோடு போட்டுப் பதிவேடு வைத்தேன். பெரியவள், சின்னவள் என்று இரண்டு கட்டம். பால் குடித்த நேரம், சிறுநீர் எத்தனை முறை, மருந்து, எடை. தூக்கக் கலக்கத்தில் ஒருத்திக்கே இரண்டு தடவை மருந்து போய்விடாமல் இருக்க இது அவசியம். சின்னவள் காலில் மட்டும் கறுப்புக் கயிறு, அடையாளத்துக்கு. இரட்டைக் குழந்தை உள்ள எல்லா வீட்டுக்கும் இந்த நோட்டைப் பரிந்துரைக்கிறேன். செலவு இருபது ரூபாய்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தித் தாய்க்கான விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள். நல்ல காரியம். தமிழக அரசு 2021இல் தன் பெண் ஊழியர்களுக்கு அதை 12 மாதமாக்கியது. அதுவும் நல்ல காரியம். ஆனால் தகப்பன்? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை, முதலாளி மனது வைத்தால்தான் உண்டு. இரட்டைக் குழந்தை என்பதற்காக அந்த 26 வாரத்தில் ஒரு நாள் கூடுவதும் இல்லை. பிரான்ஸ் நாட்டில் ஒரு குழந்தை பெற்ற தாய்க்கு 16 வாரம், இரட்டை என்றால் 34 வாரம். ஜெர்மனியில் பிரசவத்துக்குப் பின் 8 வாரம், இரட்டை என்றால் 12 வாரம். பிரான்சில் தகப்பனுக்கும் 25 நாள், இரட்டை என்றால் 32 நாள். வேலை இரட்டிப்பு என்பதை அந்தச் சட்டங்கள் ஒத்துக்கொள்கின்றன. நம் சட்டமும் ஒத்துக்கொள்ள வேண்டும். தகப்பனுக்குச் சம்பளத்தோடு குறைந்தது ஒரு மாதம், இரட்டை என்றால் இரண்டு மாதம் என்று நான் கேட்கிறேன். தொழிற்சங்கத்தில் இருக்கிற என் மாணவர்கள் இதை உங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள்.

"சின்னக் கம்பெனி எப்படித் தாங்கும்?" என்ற கேள்வி நியாயமானது. அந்தச் சுமையை முதலாளி தலையில் மட்டும் வைக்க வேண்டாம். ஈ.எஸ்.ஐ. பதிவு உள்ள பெண்களுக்கு மகப்பேறு காலத்துப் பணத்தை அந்த நிதியே தருகிறது. அதே வழியில் ஆண்களுக்கும் தரலாம்.

கடைசியாக ஒன்று. வருகிறவர்களில் பாதிப் பேர் "ரெண்டுமே பொண்ணா?" என்று இழுத்தார்கள். ஒருவர் "அடுத்தது சிங்கக்குட்டியா பிறக்கும், கவலைப்படாதே" என்று என் மகளுக்கு ஆறுதல் சொன்னார். அவள் கவலைப்படவே இல்லை, ஐயா! பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் அணு. பள்ளி அறிவியலில் வருகிறது. ஒரே கருவில் வந்த இரட்டையர் இருவரும் ஒரே பாலாகத்தான் இருப்பார்கள். பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதில் எதுவும் இல்லை. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலைக்கு வந்த மாநிலம் இது. பெண் குழந்தையைக் கொல்வதை நிறுத்திவிட்டோம் என்று பெருமைப்படுகிற நாம், துக்கம் விசாரிப்பதையும் நிறுத்த வேண்டாமா?

எனவே, உங்கள் தெருவில் இரட்டைக் குழந்தை பிறந்தால் தயவுசெய்து இப்படிச் செய்யுங்கள்.

சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள். போனால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முத்தம் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதையும் நாக்கில் வைக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே.

"இது சிவப்பு, அது கறுப்பு", "இது சமத்து, அது அழுமூஞ்சி" என்று ஒப்பிடாதீர்கள். முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் இருந்தவன் சொல்கிறேன். இரட்டையரில் ஒருத்திக்கு "கெட்டிக்காரி" என்று பெயர் வைத்தால், இன்னொருத்திக்குச் சொல்லாமலே "மக்கு" என்று பெயர் விழுந்துவிடுகிறது. அதைத் துடைக்க ஐந்து வருடம் போதாது. ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தனித்தனியாக முகம் பார்த்துப் பேசுங்கள். இரட்டையருக்குப் பேச்சு கொஞ்சம் தாமதமாக வருவதுண்டு. தனியாக அவர்களோடு பேச ஆள் குறைவாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

குழந்தைக்குச் சட்டை வாங்காதீர்கள், ஏற்கெனவே மூட்டையாக இருக்கிறது. ஒரு தூக்குவாளியில் ரசமும் பொரியலும் கொண்டு போய்க் கொடுங்கள். காய்ந்த துணியை மடித்துக் கொடுங்கள். "நான் ஒரு மணி நேரம் பார்த்துக்கறேன், நீ போய்ப் படு" என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய சீர் கிடையாது.

தகப்பன்மார்களே, பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் உங்களாலும் முடியும். பிள்ளையைத் தூக்கத் தெரியாது என்று சொல்லாதீர்கள். யாருக்கும் பிறக்கும்போதே தெரியாது. என் மாப்பிள்ளைக்கு நான்கு நாள் பிடித்தது. இப்போது இரண்டு தோளிலும் இரண்டு பேரைப் போட்டுக்கொண்டு போனில் மேலாளரிடம் பேசுகிறார்.

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். 14ஆம் வாரத் தடுப்பூசியும் முடிந்தது. சின்னவள் 5 கிலோ 400, அக்காவை எட்டிப் பிடிக்கிறாள்.

உங்கள் வீட்டில் இரட்டையர் இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். முக்கியமாக ஆண்கள் எழுதுங்கள். அடுத்த வீட்டுக்காரருக்கு உதவும்.