ஒரிஜினல் என்ற சொல்லும் கொட்டகையில் கிடக்கும் யெஸ்டியும்

இந்தியாவின் எந்தச் சிற்றூரிலும் பழைய வீடொன்றின் பக்கச் சந்திலோ மாட்டுக் கொட்டகையிலோ, கிழிந்த தார்ப்பாயின் கீழ் ஒரு மோட்டார் சைக்கிள் கிடப்பதைக் காணலாம். டயர்கள் மண்ணோடு ஒட்டியிருக்கும். டேங்கின் மீது கோழி அடைந்த தடம் காய்ந்திருக்கும். ஓட்டியவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருக்கும். பிள்ளைகள் வெளியூரில் பணியில் இருப்பர். அவ்வப்போது யாரேனும் வாசலில் நின்று ‘வண்டி விலைக்கா?’ என்று கேட்டுச் செல்வதுண்டு. அண்மைக் காலத்தில் அவ்வாறு கேட்பவர் மாறியிருக்கிறார். முன்பு கேட்டவர் காயலான் கடைக்காரர். இன்று கேட்பவர் பெங்களூருவிலோ புனேயிலோ பணிபுரியும் இளைஞர். கொடுக்க முன்வரும் விலை மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை: இரும்பு விலைதான்.

வண்டியை வாங்கியவர் அதை ஒரு பட்டறைக்குக் கொண்டு செல்கிறார். மட்கார்டுகள் கழற்றப்படுகின்றன. நீண்ட இருக்கை போய், பின்புறம் திமில் வைத்த ஒற்றை இருக்கை வருகிறது. ஹேண்டில்பார் தாழ்கிறது. பின்சட்டம் நீண்டு தெரிவதாகத் தோன்றினால் அறுக்கப்படுகிறது. ஹெட்லைட் முதல் இண்டிகேட்டர் வரை அனைத்தும் இணையத்தில் வாங்கிய சீன உதிரிகளாகின்றன. மூன்று மாதங்களுக்குப் பின் இரு படங்கள் அருகருகே வெளியாகின்றன: துருவேறிய பழையது, மினுங்கும் புதியது. அதன் கீழ் ‘மீட்டெடுக்கப்பட்டது’ என்ற சொல் இருக்கும். மீட்டெடுக்கப்பட்டது எது என்பதே இங்கு எழும் வினா. எஞ்சினின் வெளியோடும் பதிவெண்ணும் தவிர அந்த இரு படங்களுக்கும் பொதுவானது ஏதுமிருப்பதில்லை.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு ‘ஒரிஜினல்’ என்பதே மந்திரச் சொல். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்த வண்ணம், அதே எழுத்துருவில் சின்னம், அதே முத்திரை பொறித்த ஸ்க்ரூ. இச்சொல் பட்டறைகளில் பயிலும் விதம் கவனத்துக்குரியது. தமிழில் மட்டுமன்றிக் கன்னடத்திலும் இந்தியிலும் அது குறைந்தது மூன்று பொருள்களைத் தாங்குகிறது. நிறுவனமே செய்து விற்ற உதிரி ‘ஒரிஜினல்’. அதற்கு எதிர்ச்சொல் ‘டூப்ளிகேட்’. நகலல்லாத பதிவுச் சான்று ‘ஒரிஜினல் ஆர்சி’. இதுவரை யாரும் பிரிக்காத எஞ்சினும் ‘ஒரிஜினல்’. முதற்பொருள் வணிகத்தைச் சார்ந்தது. இரண்டாவது சட்டத்தைச் சார்ந்தது. மூன்றாவது ஏறத்தாழக் கற்பைச் சார்ந்தது. பழைய வண்டிகளைப் பற்றிய விவாதங்களில் இம்மூன்றும் ஒன்றோடொன்று குழம்புவதால்தான், மாற்றுவோரும் மாற்றக் கூடாது என்போரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமல் பேசுகின்றனர்.

ஒரு யெஸ்டியை எடுத்துக்கொண்டால் சிக்கல் தெளிவாகும். பிராகாவில் பிரான்டிஷெக் யானெச்செக் என்பவர் 1929இல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியபோது வாண்டரர் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் வடிவமைப்பை உரிமம் பெற்றுப் பயன்படுத்தினார். தம் பெயரின் முதலிரு எழுத்துகளையும் அந்நிறுவனப் பெயரின் முதலிரு எழுத்துகளையும் சேர்த்து அவர் உருவாக்கிய பெயரே ஜாவா. தீவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ருஸ்தம் இரானியும் ஃபரோக் இரானியும் தொடங்கிய ஐடியல் ஜாவா நிறுவனம் 1961இல் மைசூரில் அவ்வண்டியைச் செய்யத் தொடங்கியது. எழுபதுகளில் செக் பெயர் போய் ‘யெஸ்டி’ வந்தது. ஈரானின் யஸ்த் நகரத்தவர் என்ற பொருளில், இரானி குடும்பத்தாரின் பூர்விகத்தைச் சுட்டும் பெயர். தமிழ்நாட்டுத் தெருக்களில் அது ‘எஸ்டி’ ஆயிற்று. ஜெர்மானிய உரிமத்தில் பிறந்து, செக் நாட்டில் வளர்ந்து, பாரசீகப் பெயர் தாங்கி, கன்னட நிலத்தில் செய்யப்பட்ட வண்டிக்கு எது மூலம்? மொழித் தூய்மை பேசுவோரிடம் கேட்கத்தக்க கேள்வி இது.

பயன்பாடும் வண்டியை மாற்றிக்கொண்டேயிருந்தது. வட இந்தியாவில் ராஜ்தூத் வண்டிகளின் இருபுறமும் பால் கேன்களைத் தாங்கும் இரும்புக் கொக்கிகளைப் பற்றவைத்தனர் பால்காரர்கள். சௌராஷ்டிரத்தில் புல்லட்டின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்பாதியில் சரக்குப் பெட்டியை இணைத்து ‘சக்டோ’ என்ற மூன்று சக்கர வண்டியைப் படைத்தனர். அது கிராமங்களின் பொதுப் போக்குவரத்தாகவே விளங்கியது. இன்று இளைஞர்கள் விரும்பும் ‘கஃபே ரேசர்’ வடிவமும் இத்தகையதே. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் ஏஸ் கஃபே போன்ற சாலையோரக் கடைகளில் கூடிய உழைக்கும் வர்க்க இளைஞர்கள், வேகத்துக்காகத் தேவையற்றவற்றைக் கழற்றி எறிந்த வண்டிகள் அவை. நார்ட்டன் சட்டத்தில் டிரையம்ப் எஞ்சினைப் பொருத்தி ‘டிரைட்டன்’ என்று பெயரிட்டனர். அன்றைய கண்ணுக்கு அது ஒட்டுப்போட்ட வண்டி. இன்று அருங்காட்சியகத்துக்குரிய பொருள்.

ஆகவே மாற்றுவது தவறு என்ற வாதம் நிற்காது. ஆயினும் பால்காரர் கொக்கியைப் பற்றவைத்ததும் இன்று பின்சட்டம் அறுக்கப்படுவதும் ஒன்றல்ல. பால்காரருக்கு வண்டி என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. இன்றைய மாற்றங்களில் பெரும்பகுதி வண்டி எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது. அது எவ்வாறு இயங்குகிறது என்ற கேள்வி இறுதியில்தான் வருகிறது. சில வேளைகளில் வருவதேயில்லை.

சைலன்சரை எடுத்துக்கொள்வோர் பலர். ஒலி கம்பீரமாக வேண்டும் என்பதற்காக அதைக் குட்டையாக அறுத்துவிடுகின்றனர். நான்கு ஸ்ட்ரோக் புல்லட்டில் அதன் விளைவு அண்டை வீட்டாரின் சாபமும் காவல் துறையின் அபராதமும் மட்டுமே. மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய காட்சிகளைப் பலரும் கண்டிருப்பர். யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கதையே வேறு. அவ்வகை எஞ்சினின் புகைவழியில் வால்வு கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது சிலிண்டர் சுவரிலுள்ள துளைகள் தாமே திறந்து மூடுகின்றன. புகை வெளியேறும் துளை திறந்திருக்கையில் எரியாத புதுக் கலவையும் அவ்வழியே தப்பிக்கப் பார்க்கும். சைலன்சரின் உள்வடிவம் ஓர் அழுத்த அலையைத் திருப்பியனுப்பி அக்கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதாவது, டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் எஞ்சினின் வெளியே நீண்டுகிடக்கும் ஓர் உறுப்பு. அதை அறுத்தவர் ஒலியை வாங்கி இழுவையை விற்றவராகிறார்.

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது வண்ணமல்ல. டேங்கின் உட்புறம் துரு உதிரும். கார்புரேட்டரின் நுண்துளைகளில் பழைய பெட்ரோல் பிசினாக இறுகியிருக்கும். க்ராங்க் பெட்டியின் ரப்பர் சீல்கள் விறைத்துப்போய்க் காற்றை உள்ளே விடும்; கலவையில் பெட்ரோலும் அதனோடு வரும் ஆயிலும் குறைந்து, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். பட்டறை மொழியில் ‘சீஸ் ஆகிவிட்டது’. வாங்கிய அன்றே ஆர்வ மிகுதியால் உலர்ந்த சிலிண்டரைக் கிக்கரால் உதைப்பவர், பிளக்கைக் கழற்றிச் சிறிது ஆயில் ஊற்றி ஓரிரவு காத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடிய சிலிண்டரைத் தாமே கீறிவிடுகிறார். (யெஸ்டியில் கிக்கரைத் தேடியே அரை மணி நேரம் செலவிட்டவர்களும் உளர், கியர் லீவரே உள்தள்ளி மேலே திருப்பினால் கிக்கராகும் என்பதை யாரேனும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.)

அந்த ‘யாரேனும்’ யார் என்பதில்தான் உண்மையான இழப்பு அடங்கியுள்ளது. இவ்வண்டிகளை அறிந்த மெக்கானிக்குகள் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். வட இந்தியாவில் அவர்களை ‘மிஸ்திரி’ என்பர். போர்ச்சுகீசிய ‘மெஸ்த்ரே’ என்ற சொல்லின் வழிவந்த அச்சொல்லே தமிழில் ‘மேஸ்திரி’யாகக் கட்டட வேலைக்குச் சென்றது. இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் ஆசான். பாயிண்ட் எந்த நொடியில் விலகுகிறது என்பதை ஒரு சிகரெட் தாளை இடையில் செருகி, அது தளரும் தருணத்தை விரலால் உணர்ந்து டைமிங் வைக்கும் அறிவு அவர்களுடையது. சேவைக் கையேட்டில் அளவு மில்லிமீட்டரில் இருக்கும்; விரலின் உணர்வு கையேட்டில் இராது. பழைய பாகங்களைத் தூக்கியெறிந்து எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவதில் தவறில்லை, அது நம்பகமானதும்கூட. ஆனால் பொருத்துவதற்கு முன் அந்த முதியவரருகே ஒரு நாள் அமர்ந்து பார்க்கலாம். அவருடைய சொற்களையேனும் குறித்துக்கொள்ளலாம். அழியும் மொழிகளை ஆவணப்படுத்த நிதி ஒதுக்கும் நாட்டில், அழியும் தொழிற்சொற்களைப் பதிவு செய்ய ஒரு கைப்பேசியே போதும்.

மாற்றத்துக்கு ஓர் எல்லை வகுக்க வேண்டுமெனில், அது சட்டத்தை அறுக்கும் ரம்பத்துக்கு முன் நிற்க வேண்டும். திருகாணியால் பிணைத்ததைத் திருகாணியால் விலக்கலாம். கழற்றிய மட்கார்டையும் இருக்கையையும் சாக்கில் கட்டிப் பரணில் வைக்கலாம். வண்ணத்தின் மேல் வண்ணம் பூசலாம். அறுத்த சட்டத்தை மட்டும் எவராலும் திரும்பப் பெற இயலாது. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் தம் ஊகத்தை அடிக்குறிப்பில் எழுதுவாரேயன்றி, ஓலையைச் சுரண்டித் திருத்த மாட்டார். தவிர, எடையைத் தாங்கும் பின்சட்டத்தை அறுத்து மெல்லிய குழாயை ஒட்டவைத்த பற்றவைப்பு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் இறங்கும்போது என்னவாகும் என்பது அழகியல் சார்ந்த வினா அன்று.

சட்டம் சொல்வதும் ஏறக்குறைய இதுவே, சற்று முரட்டுத்தனமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. சட்டத்தை அறுத்தவரும் கூடுதல் வெளிச்சத்துக்கு விளக்கை மாற்றியவரும் ஒரே பிரிவின் கீழ் நிற்க நேரிடுவதுதான் இதன் குறை.

காகிதங்களின் சிக்கலைப் பலர் வாங்கிய பிறகே உணர்கின்றனர். உரிமையாளர் இறந்திருந்தால் வழக்கமான 29, 30ஆம் படிவங்கள் போதா; முதலில் 31ஆம் படிவத்தின் வழியே வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். கொட்டகை வாசலில் பணத்தைக் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டு, ‘பேர் மாத்திக்கலாம்’ என்று புறப்படும் இளைஞர் அந்தக் குடும்பத்தின் தலையில் ஒரு கத்தியைத் தொங்கவிட்டுச் செல்கிறார். பெயர் மாற்றாத வண்டி விபத்துக்குள்ளானால் பதிவேட்டில் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. கணவரின் வண்டியை இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு, பின்னொரு நாள் முன்பின் அறியாத ஊரிலிருந்து வரும் சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் முதிய பெண்மணியை எந்த ‘மீட்டெடுத்தல்’ படத்திலும் காண இயலாது.

புகை பற்றிய எதிர்ப்பு நியாயமானது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எரியாத எரிபொருளையும் ஆயிலையும் வெளிவிடும். ஆர்எக்ஸ் 100இன் உற்பத்தி 1996இல் முடிவுக்கு வந்ததற்கு இறுகிய மாசு விதிகள் ஒரு காரணம். நாள்தோறும் அலுவலகம் செல்ல இவ்வண்டிகளை யாரும் பரிந்துரைக்க முடியாது. ஞாயிறு காலை இருபது கிலோமீட்டர் ஓடும் சில வண்டிகளை அதே தட்டில் நிறுப்பது மட்டும் மிகை.

தேவைப்படுவது ஓர் இடைப்பட்ட வழி. ஜெர்மனியில் மாற்றம் செய்த வண்டியைத் தொழில்நுட்ப ஆய்வாளர் சோதித்து, மாற்றத்தை ஆவணத்திலேயே பதிவு செய்யும் முறை உள்ளது. பிரிட்டனில் தனித்துச் செய்யப்பட்ட ஒற்றை மோட்டார் சைக்கிளுக்கும் ஒப்புதல் சோதனை உண்டு. பற்றவைப்பின் வலிமை, பிரேக், விளக்கு, ஒலி ஆகியவற்றைச் சோதித்து, கட்டணம் பெற்று, சான்றில் ஒரு வரி சேர்க்கும் ஏற்பாடு இந்திய வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கு எட்டாததன்று. இப்போதுள்ள ஒரே சலுகை 2021இல் வந்த ‘விஏ’ பதிவு. அதுவும் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, பெருமாற்றமின்றி மூல வடிவில் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே. புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய். அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்டவும் கூடாது. 1978இல் வந்த யெஸ்டி ரோட்கிங்குக்கு அந்த வயது 2028இல் வரும். மைசூர்த் தொழிற்சாலை 1996இல் மூடப்படும் முன் வெளிவந்த கடைசி வண்டிகள் 2046 வரை காத்திருக்க வேண்டும். அவற்றுள் எத்தனை அதற்குள் இரண்டு துண்டாகியிருக்கும் என்பதை இந்த ஆண்டு ரம்பம் எடுப்பவர்கள் தீர்மானித்துக்கொண்டிருக்கின்றனர்.